குழந்தைக்குத் தொடை எலும்பு முறிவு: ஆபரேஷனா, மாவுக்கட்டா?

குழந்தை மாடிப்படியில் விழுந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முறிந்திருப்பது தெரிகிறது. "இந்த வயசுல ஆபரேஷனா? கட்டுப் போட்டே சரி பண்ணிடுங்க டாக்டர்" என்று சில பெற்றோர் கெஞ்சுகிறார்கள். "செலவைப் பத்திக் கவலை இல்ல, கம்பி வெச்சு உடனே சரி பண்ணிடுங்க" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வயது.

குழந்தையின் எலும்பு பெரியவர்களின் எலும்பைப் போன்றது அல்ல. சற்று வளைந்து கூடினாலும் வளர வளர நேராகிவிடும். 2 முதல் 10 வயது வரை, முறிந்த கால் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் வேகமாகவே வளரும். அதனால்தான், சிறு பிள்ளைகளுக்கு எலும்பு 1 செ.மீ. குறைந்து கூடினாலும் மருத்துவர்கள் பதறுவதில்லை. ஆனால், எலும்பு திருகியபடி கூடிவிட்டால் அது தானாகச் சரியாகும் என்று நம்பியிருக்க முடியாது.

எந்த வயதுக்கு எது?

* 6 மாதம் வரை: கால்களைப் பிடித்து வைக்கும் வார்ப்பட்டை அல்லது மாவுக்கட்டு போதும்.
* 6 மாதம் முதல் 5 வயது வரை: இடுப்பையும் காலையும் சேர்த்துப் போடும் 'ஹிப் ஸ்பைகா' மாவுக்கட்டுதான் பெரும்பாலும் முதல் தேர்வு.
* 5 முதல் 11 வயது வரை: எலும்புக்குள் செலுத்தப்படும் வளையும் தன்மையுள்ள டைட்டானியம் கம்பிகள் பரவலாகப் பயன்படுகின்றன.
* 11 வயதுக்கு மேல், அல்லது எடை சுமார் 50 கிலோவைத் தாண்டினால்: உறுதியான கம்பி அல்லது பிளேட்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருந்தாலோ, தலையிலும் வயிற்றிலும் கூட அடிபட்டிருந்தாலோ இந்தக் கணக்கு மாறும்.

இரண்டு சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2014-ல் காக்ரேன் அமைப்புக்காக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்தால் எலும்பு கோணலாகக் கூடுவது குறைகிறது. ஆனால், கிருமித்தொற்று போன்ற சிக்கல்கள் கூடுகின்றன என்பதே அதன் சாரம். நீண்ட கால நோக்கில் எது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அது சொன்னது.

ஆக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. கம்பி வைத்தால் குழந்தை சீக்கிரம் எழுந்து நடக்கும், பள்ளிக்கும் போகும். ஆனால், கம்பியின் முனை முழங்கால் பக்கம் உறுத்தலாம். பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். மாவுக்கட்டில் வெட்டுக்காயம் இல்லை. ஆனால், கட்டுப் போடவும் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். அதன்பின் 4 முதல் 8 வாரம் வரை குழந்தையைத் தூக்கிச் சுமந்து, மலஜலம் கட்டில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 3 வயதுக் குழந்தையை அப்படித் தூக்கிவிடலாம். 9 வயதுப் பிள்ளையை யார் தூக்குவது? அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் யார் லீவு போடுவது?

என் கருத்து இதுதான்: ஆபரேஷன் என்பதாலேயே அது உயர்ந்த சிகிச்சை ஆகிவிடாது, மாவுக்கட்டு என்பதாலேயே அது ஏழைக்கான வைத்தியமும் ஆகிவிடாது. 3 வயதுக் குழந்தைக்குத் தேவையில்லாமல் கம்பி வைப்பதும் தவறு. பயத்தில் 10 வயதுப் பிள்ளையை வாரக்கணக்கில் கட்டிலில் போட்டுவைப்பதும் தவறு. ஆபரேஷனுக்குப் பயந்து நாட்டுக் கட்டுக்கு ஓடுவது இன்னும் ஆபத்து. கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, காலையே இழக்க நேரிடலாம்.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: "இந்த வயசுக்கும் எடைக்கும் ஏன் இதைச் சொல்றீங்க? இன்னொரு வழியில போனா என்ன ஆகும்? வீட்ல நாங்க என்ன செய்யணும், எத்தனை நாளைக்கு?" கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, பெற்றோரின் உரிமை. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.