பழைய காருக்கு நகை வேண்டாம், வைத்தியம் போதும்

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. காரை அலங்கரிப்பவர்கள் ஒரு வகை, காரைப் பராமரிப்பவர்கள் இன்னொரு வகை. நம் கள்ளக்குறிச்சியில் முதல் வகை பெருகிவிட்டது. இரண்டாம் வகை குறைந்துகொண்டே வருகிறது. இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பழைய வண்டியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடும் காசு பெரும்பாலும் வீண். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போடும் காசுதான் உயிரைக் காப்பாற்றும். கடைத்தெருவுக்குப் போய்வருகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கல்வராயன் மலை ஏறி இறங்குகிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

முதலில் என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1987-ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி. பெயர்தான் பத்மினி, நம் பக்கத்தில் யாருக்கும் அது ‘ஃபியட்’தான். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்தபோது, 1996-இல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினேன். பழைய மூன்றெழுத்து நம்பர். அது பதிவானபோது நம் ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019-இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம். ஆக, என் வண்டி ஊரை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது.

இந்த வண்டியின் பூர்வீகம் இத்தாலி. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லா தொழிற்சாலையில் ஃபியட் 1100 வண்டிகளைச் செய்துவந்தது. 1964-இல் வந்த ‘1100 டிலைட்’ மாடல்தான், 1974 வாக்கில் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர், முன்னால் பெஞ்சு போல ஒரே நீள சீட்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு ஃபியட்டின் மவுசு குறைந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தியும் நின்றுபோனது. மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்சியாகக் கடைசியாகப் பதிவான பத்மினி 2003 அக்டோபர் 29-ஆம் தேதி பதிவானது. டாக்சிக்கு அங்கே 20 வருடம்தான் கெடு. 2023 அக்டோபர் 30 முதல் மும்பைத் தெருவில் பத்மினி டாக்சியே கிடையாது. அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்தபோது வீட்டுக்காரி, “நம்ம வீட்டுல ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

இவ்வளவு வயதான வண்டியை வீட்டு வாசலில் வைத்தே பராமரிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் என் திறமை அல்ல, வண்டியின் எளிமை. இன்றைய கார்களில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். ஃபியட்டில் எல்லாம் கைக்கும் கண்ணுக்கும் எட்டும். பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே சொல்லிவிடும். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது, காப்பித்தூள் நிறமாக இருந்தால் சரியாக இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடு ஒன்று போதும். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து மாட்ட ஒரு மணி நேரம். ஒரு ஸ்பானர் செட், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி, கிரீஸ் கன், பழைய வேட்டித் துணி. 2013-இல் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இப்படித்தான் போகிறது. ஜாக்கியில் தூக்கிய வண்டிக்குக் கீழே மட்டும் ஸ்டாண்டு கொடுக்காமல் போக மாட்டேன். ஜாக்கியை நம்பிப் படுக்கிற வயதும் இது இல்லை.

இனி மலை விஷயம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வளைவு மேல் வளைவு. ஏறும்போது பழைய வண்டி என்ஜினைக் காட்டிக்கொடுக்கும், இறங்கும்போது பிரேக்கைக் காட்டிக்கொடுக்கும்.

ஏற்றத்தில் ஃபியட் போன்ற வண்டிக்கு வரும் வியாதி, பெட்ரோல் ஆவியாகிப் பம்பு வேலை செய்யாமல் நிற்பது. பம்பு என்ஜினை ஒட்டியே இருப்பதால் சூடேறி, குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்பு ஆவியைத் தள்ளாது, வண்டி நின்றுவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்பு மேல் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருப்பார்கள். இன்றும் அதுதான் வைத்தியம். வராமல் தடுக்க வேண்டுமானால் ரேடியேட்டர் சுத்தமாக இருக்க வேண்டும், ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும், வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் இருக்க வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை மட்டும் அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது.

ஏற்றத்தில் நின்றால் நேரம்தான் போகும். இறக்கத்தில் பிரேக் நின்றால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாத எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எண்ணெயை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். செலவு சில நூறு ரூபாய். மலையில் இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது நம் பழைய பஸ் டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். அதற்கு இன்றுவரை மாற்று வரவில்லை.

போன வருடம் சாமையும் தேனும் வாங்க மலைக்குப் போய்த் திரும்பும்போது, ஒரு வளைவில் பழைய மாருதி 800 ஒன்று ஓரமாக நின்றது. அகலமான அலாய் வீல், கறுப்பு வெள்ளைக் கோடுகள், பெரிய ஓசையெழுப்பும் சைலன்ஸர், உள்ளே நீல விளக்கு. முன் சக்கரத்திலிருந்து புகை. இருபத்திரண்டு வயதுப் பையன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வண்டிக்குப் பின்னால் கல் வைத்துக்கொண்டிருந்தான் அவன் நண்பன்.

“தம்பி, பிரேக் ஆயில் எப்பப்பா மாத்தின?”

“அது மாத்தணுமா சார்? கொறஞ்சா ஊத்துவோம்.”

“இந்த வீலு எவ்வளவு?”

“நாலும் சேத்து முப்பதாயிரம் சார்.”

ஆறும் வரை நிறுத்திவைத்து, இரண்டாம் கியரில் மெதுவாக இறக்கச் சொல்லி, நான் பின்னாலேயே வந்தேன். அணை வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டி மேல் அவனுக்கு ஆசை இருக்கிறது, அது நல்ல விஷயம். ஆசையை எங்கே செலவழிக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். 1987-இல் வந்த வண்டியில் சீட் பெல்ட் கிடையாது. முன் சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானதே 1994-இல்தான். அடித்தகட்டில் தடித்த இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து பெல்ட் போட்டேன். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தேன். பழைய வண்டியில் விளக்கின் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகும். வயர் சூடாகும், வெளிச்சமும் மங்கும். ரிலே வைத்தால் அதே பல்பு நன்றாக எரியும். அளவுக்கு மிஞ்சிய வாட்ஸ் பல்பு போட்டால் பழைய வயர் உருகும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசும். நான் செய்தது எதுவும் வெளியில் தெரியாது. வண்டியைப் பார்த்து யாரும் பாராட்டவும் மாட்டார்கள்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்பது 2012 தீர்ப்பு. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி பம்பர் மேல் நடவடிக்கை எடுக்க 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி, மோதும் வேகத்தை உள்ளே இருப்பவர் மேலும், நடந்து போகிறவர் மேலும்தான் இறக்கும்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-இல் தொடங்கி இரண்டே வருடத்தில் எல்லா பங்க்குக்கும் வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புக்கு விலை கிடைக்க வழி என்றால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து வெடிக்கச் செய்யும், ஈரத்தை இழுத்து டேங்கில் துரு ஏற்றும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ. எனவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறுங்கள். பம்பு டயபிரம், கார்புரேட்டர் வாஷர்களையும் பாருங்கள். வண்டியை மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

கடைசியாக அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை. சொந்தக் காரின் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. நான் அந்த வருடம் கட்டினேன். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். 2027-இல் என் முறை. அதே சமயம், 50 வருடம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021-இல் ‘விண்டேஜ்’ என்று தனி விதி வந்தது. அதில் மறுபதிவுக்கு 5,000 ரூபாய்தான். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கு வைக்கும் பணக்காரருக்கு ஐயாயிரம், ஆஸ்பத்திரிக்கும் மலைக்கும் ஓட்டும் ஓய்வூதியக்காரருக்குப் பத்தாயிரம்!

பழைய வண்டி புகை அதிகம் விடும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. என் வண்டி வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம் என்பதும் உண்மை. என் குறை கட்டணத்தின் மேல் அல்ல. வயதை வைத்துப் பணம் வாங்குகிறவர்கள் வண்டியின் நிலையைப் பார்ப்பதில்லை என்பதுதான். பிரேக்கைச் சோதியுங்கள், புகையைச் சோதியுங்கள், அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் என் வண்டியையே உடைப்புக்கு அனுப்புங்கள், நானே ஓட்டிக்கொண்டு வந்து தருகிறேன். முப்பதாயிரம் ரூபாய் வீல் மாட்டிய ஐந்து வயது வண்டியும் அதே சோதனையில் தேற வேண்டும்.

ஃபியட் தெரிந்த மெக்கானிக்குகள் நம் ஊரில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சாமான் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில்தான் தேட வேண்டும். ஓட்டவே கூடாது என்று சட்டம் வருவதற்கு முன்பே, கவனிக்க ஆளில்லாமல் இந்த வண்டிகள் நின்றுவிடும். அதனால் உங்கள் வீட்டு ஷெட்டில் பழைய ஃபியட்டோ அம்பாசடரோ மாருதியோ நின்றால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூப்பிடுங்கள். ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பாதீர்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து, லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். கை கரியாகும், சோப்பு போட்டால் போய்விடும். அவன் பின்னாளில் எந்த வண்டியில் மலை இறங்கினாலும், பிரேக் எண்ணெயைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான்.