சுரப்பி விமர்சனம்

நம் விமர்சகர்களிடம் ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது: ஆண்மை. பிடித்த கவிதையில் அது இருக்கும், பிடிக்காததில் இருக்காது. வீரியம், மலட்டுத்தனம், விறைப்பு எல்லாம் அதன் பங்காளிகள். பெண் ஒருத்தி நன்றாக எழுதிவிட்டால் ஆண்மையோடு எழுதுகிறாள் என்று முதுகில் தட்டுவார்கள். சமீபத்தில் நண்பர் ஒருவர் புதிதாக எழுத வந்தவர்களை மொத்தமாக 'ஆண்மையற்றவர்கள்' என்று எழுதித் தீர்த்திருக்கிறார். ஒரு வரியையும் எடுத்துக் காட்டவில்லை. சாட்சிக்கு யேட்ஸை மட்டும் அழைத்து வருகிறார்: கிழவயதில் ஆபரேஷன் செய்துகொண்டார், ஆண்மை மீண்டது, கவிதையும் மீண்டது.

இந்தச் சாட்சியைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

1934இல் லண்டனில் நார்மன் ஹேர் என்ற டாக்டர், 68 வயது யேட்ஸுக்குச் செய்தது ஸ்டைனாக் ஆபரேஷன். வியன்னாவின் ஆய்கன் ஸ்டைனாக் சொன்ன சித்தாந்தம் இது: விந்து நாளத்தைக் கட்டிவிட்டால் விந்தை உண்டாக்கும் திசு சுருங்கும், இடையிலுள்ள செல்கள் பெருகி ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், கிழவன் வாலிபனாவான். ஃப்ராய்டுகூட 1923இல் இதைச் செய்துகொண்டார். சித்தாந்தம் தவறு. நாளத்தைக் கட்டுவதால் ஹார்மோன் கூடுவதில்லை.

இந்த ஆபரேஷன் நமக்கும் தெரிந்ததுதான். வாசெக்டமி. நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஒரே வருஷத்தில் இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. ஆண்மை போய்விடும் என்று ஜனங்கள் பயந்து ஓடியது இதே கத்திக்குத்தான். லண்டனில் ஆண்மையைக் கொடுத்தது இங்கே அதைப் பறிக்கும் என்றார்கள். இரண்டும் நடக்கவில்லை.

யேட்ஸ் பலன் கிடைத்ததாக நம்பினார், கடிதங்களில் எழுதவும் செய்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கையே சில காலம் மருந்தாக வேலை செய்யும். 1889இல் பாரிஸில் ப்ரௌன்-ஸெக்கார்ட் என்ற 72 வயதுப் பேராசிரியர், நாய், கினியா பன்றி இவற்றின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு பலம் திரும்பிவிட்டதாக விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். அந்தத் தண்ணீர்ச் சாற்றில் பலன் தருமளவு ஹார்மோன் இருந்திருக்க முடியாது. 1920களில் வோரனாஃப் குரங்கின் விதையைச் சீவி மனிதனுக்கு ஒட்டவைத்தார். பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

கவிதைக்கு வருகிறேன். 'தி டவர்' தொகுதி 1928இல் வந்தது, 'தி வைண்டிங் ஸ்டேர்' 1933இல். முதுமையோடு அவர் மல்லுக்கு நின்ற மகத்தான கவிதைகள் பலவும் ஆபரேஷனுக்கு முன்பே அச்சேறிவிட்டன. அவற்றை எந்தச் சுரப்பியின் கணக்கில் வரவு வைப்பது? (வவுச்சர் இல்லாமல் வரவு வைத்தால் பாங்கில் என் வேலை போய்விடும், விமர்சனத்தில் அந்தச் சங்கடம் கிடையாது.) நடுவில் அவர் எழுதாமல் நின்றது 1932இல் லேடி கிரிகரி இறந்து, கூல் பார்க் வீடு அவருக்கு இல்லாமல் போன பின்புதான். துக்கம் என்ற எளிய காரணம் நண்பருக்கு ஏன் போதவில்லை?

அவர் நடத்துவது பழைய பிரெஞ்சுக் கோர்ட். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே மனைவி வழக்குப் போட்டால், டாக்டர்களும் மருத்துவச்சிகளும் காத்திருக்கப் புருஷன் அவளோடு படுத்துத் தன்னை நிரூபிக்க வேண்டும். லான்ஜே பிரபு என்பவர் அந்தப் பரீட்சையில் தோற்றார். 1659இல் அவர் கல்யாணம் ரத்தானது. பிறகு வேறொருத்தியைக் கட்டி ஏழு பிள்ளைகள் பெற்றார். அவமானம் கோர்ட்டுக்கு. 1677இல் பாரிஸ் பார்லிமெண்ட் அந்தப் பரீட்சையையே ஒழித்தது.

நம் கோர்ட் இன்னும் கலையவில்லை. மொத்தத் தீர்ப்பில் அகப்பட்ட ஒரு பையன், இந்த இதழுக்கென்று என்னிடம் கொடுத்திருந்த ஐந்து கவிதைகளைப் போன வாரம் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். இரண்டு சுமார். ஒன்றில் கடைசி நான்கு வரிகள் வேண்டாதவை. மற்ற இரண்டும் இந்தப் பக்கங்களில் நான் படித்த எதற்கும் குறைந்தவை அல்ல. நண்பர் அடுத்த இதழில் எழுதட்டும்: எந்தக் கவிதை, எந்த வரி, எந்தச் சொல் தளர்கிறது, ஏன். நான் பதில் எழுதத் தயார்.