விளாவினாலும் கலக்காத அணுக்கள்

வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விளாவினால் கொஞ்ச நேரத்தில் வாளி முழுக்க ஒரே சூடு. எதை முதலில் ஊற்றினார்கள் என்று அப்புறம் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. பாடப்புத்தகம் வெப்பச் சமநிலை என்று சொல்வது இந்த மறதியைத்தான். நிறையத் துகள்கள், அவற்றுக்குள் மோதல், போதுமான நேரம் இருந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அந்த ஒரு வரி எப்போதும் பலிப்பதில்லை. 2006-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கினோஷிடா, வெங்கர், வைஸ் மூவரும் ரூபிடியம் அணுக்களை லேசர் ஒளியாலான மெல்லிய குழாய்களில் அடைத்து, பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் உதைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் அவை சமநிலைக்கு வரவில்லை! காரணம் கேட்டால் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். ஒரே கோட்டில் ஓடும், ஒரே எடையுள்ள இரண்டு துகள்கள் மோதினால் வேகத்தைப் பண்டமாற்று செய்துகொள்ளும், அவ்வளவே. புது வேகம் எதுவும் பிறக்காது. பிறகு எங்கிருந்து கலப்பது?

இது தெளிவான கதை. அடுத்த கதைதான் வம்பு.

தாறுமாறான மேடுபள்ளங்களில் ஒரு தனி எலக்ட்ரானின் அலை பரவாமல் ஓரிடத்திலேயே சிக்கிக்கொள்ளும் என்று 1958-ல் ஆண்டர்சன் காட்டினார். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டாலும் இந்தச் சிக்கல் நீடிக்கலாம் என்று 2006-ல் பாஸ்கோ, அலெய்னர், ஆல்ட்ஷுலர் கணக்குப் போட்டார்கள். 2015-ல் ம்யூனிக்கில் ஒளியாலான பள்ளங்களில், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பொட்டாசியம் அணுக்களை அடுக்கிப் பார்த்தார்கள். பள்ளங்கள் சீராக இருந்தபோது அடுக்கு கலைந்தது. ஆழங்களை ஏறுமாறாக்கியதும் அடுக்கின் தடயம் அப்படியே நின்றது.

அருமையான சோதனை, சந்தேகமில்லை. ஆனால் இதை வைத்து 'இவை என்றைக்கும் மறக்காது' என்று எழுதுவது அவசரம். சோதனை ஓடுவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். கணினியிலாவது முழுசாகப் பார்க்கலாம் என்றால், வெறும் 20 ஸ்பின்களுக்கே 10,48,576 நிலைகள். ஒரு ஸ்பின் கூடினால் இரட்டிப்பு. போதாததற்கு, 2017-ல் டி ரோக், ஹுவெனியர்ஸ் இருவரும் ஒரு குண்டு போட்டார்கள்: பெரிய அமைப்பில் எங்காவது ஒரு மூலையில் மேடுபள்ளம் தற்செயலாகக் குறைவாக இருக்கும், அந்த மூலை முதலில் கலங்கி, பக்கத்தில் இருப்பதையும் மெல்ல மெல்லக் கலக்கிக்கொண்டே போகும். சின்ன அமைப்பில் அப்படி ஒரு மூலை அகப்படுவதே அபூர்வம். அதாவது பார்க்க முடிந்த அளவில் தெரியாத விஷயமே தீர்ப்பை மாற்றக்கூடும்.

மிக மெதுவாக மறப்பது வேறு, மறக்கவே மறக்காதது வேறு. குவாண்டம் தகவலைச் சேமிக்க இதை நம்பலாம் என்று கனவு காண்பவர்களுக்கு முதலாவதே ஓரளவு போதும். இயற்பியலின் அடிப்படை விதிக்கு விலக்கு கண்டுவிட்டோம் என்பவர்களுக்கு அது போதாது. 'பார்த்த வரை மறக்கவில்லை' என்று எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்?