இரண்டு குதிரை ஏறும் என்னும் பொய்

கார் ஓட்டும் உரிமம் ஒன்று கையில் இருந்தால் போதும், 3.5 டன் ஹார்ஸ்பாக்ஸ் ஒன்றை வாங்கி அதில் இரண்டு குதிரைகளை ஏற்றிக்கொண்டு எந்தப் போட்டிக்கும் போய்வரலாம் என்னும் நம்பிக்கை, இங்கிலாந்தில் குதிரை வைத்திருப்போரிடையே யாரும் கேள்வி கேட்காத அளவுக்கு வேரூன்றிவிட்டது. ஹார்ஸ்பாக்ஸ் என்பது குதிரை இழுக்கும் வண்டியன்று. குதிரையை நின்ற நிலையில் கொண்டுசெல்வதற்காகத் தடுப்புகளும், ஏறி இறங்கச் சாய்வுப் பலகையும் வைத்துக் கட்டிய லாரி அல்லது வேன். போட்டிப் பருவம் தொடங்கியதும் இவ்வகை ஊர்திகள் விற்பனைக்கு வரிசைகட்டுகின்றன. இந்த ஆண்டின் விளம்பரங்களிலும் கார் உரிமம் போதும், இரண்டு குதிரை தாராளமாக நிற்கும் என்ற அதே வாசகம், ஓர் எழுத்துகூட மாறாமல், மீண்டும் அச்சேறியிருக்கிறது. நிற்கும் என்பது உண்மைதான். இடம் இருப்பதால் இரண்டு குதிரைகள் நிற்கும். ஆனால் இடம் வேறு, எடை வேறு என்பதை மறைத்து ஊர்தியை விற்பதை ஏமாற்று வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. முதலாவது ஓட்டுநரைப் பற்றியது: இந்த ஊர்தியை ஓட்ட அவருக்கு உரிமை உண்டா? அதைத் தீர்மானிப்பது ஊர்தியின் எடைத்தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடை, அதாவது ஊர்தி, ஆட்கள், எரிபொருள், சுமை ஆகிய எல்லாம் சேர்ந்து சாலையில் எவ்வளவு வரை கனக்கலாம் என்று வரையறுக்கப்பட்ட எல்லை. 'பி' வகை எனப்படும் சாதாரணக் கார் உரிமம், பெட்ரோல் அல்லது டீசல் ஊர்தியானால், 3,500 கிலோ உச்ச எடை வரை செல்லும். இரண்டாவது கேள்வி சுமையைப் பற்றியது: ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் ஊர்தி உண்மையில் எவ்வளவு கனக்கிறது? முதல் கேள்விக்குத் தகடு பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு எடை மேடை ஒன்றுதான் பதில் சொல்ல முடியும். விளம்பரம் முதல் கேள்விக்கான விடையைக் காட்டி இரண்டாவது கேள்வியை மறக்கடிக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். வேனை வாங்கி, அதற்குள் தடுப்பும் ரப்பர்த் தரையும் சாய்வுப் பலகையும் சேணம் வைக்கும் அலமாரியும் பொருத்திய பிறகு, வெற்று எடை 2,500 கிலோ என்று வைத்துக்கொண்டால் மீதமிருப்பது 1,000 கிலோ. இதுவே சுமைத்திறன். சவாரிக்குப் பயன்படும் 16 கை உயரக் குதிரை ஒன்று (குதிரையின் உயரத்தை அளக்கும் 'கை' என்பது 4 அங்குலம், முன்தோள் வரை அளப்பார்கள்) 550 கிலோ எடையிருப்பது மிகச் சாதாரணம். இரண்டு குதிரைகள் 1,100 கிலோ. ஓட்டுநர் கதவைத் திறப்பதற்கு முன்பே ஊர்தி 100 கிலோ எல்லை மீறிவிட்டது. அதன்மேல் ஓட்டுநரும் உதவியாளரும் 150 கிலோ, டீசல் 50 கிலோ, குதிரைக்குத் தண்ணீர் 50 லிட்டர், அதாவது 50 கிலோ, சேணங்களும் போர்வைகளும் உலர்புல் வலைகளுமாக இன்னொரு 50 கிலோ. மொத்தம் 3,900. அனுமதித்ததைவிட 400 கிலோ, அதாவது 11 விழுக்காட்டுக்கும் மேல், அதிகம்.

இந்தக் கணக்கைச் சொன்னவுடன், தன் குதிரை அவ்வளவு கனக்காது என்று உரிமையாளர் சொல்வார். பெரும்பாலோர் தம் குதிரையை எடைக்கருவியில் ஏற்றியதே கிடையாது. மார்பைச் சுற்றி நாடாவைக் கட்டி அதில் அச்சிட்ட எண்ணைப் படிப்பார்கள், அல்லது கண்மதிப்பாகச் சொல்வார்கள். சரி, குதிரைக்கு 50 கிலோ குறைத்துக்கொண்டாலும் இரண்டும் சேர்ந்து 1,000 கிலோவாகிச் சுமைத்திறன் முழுவதையும் விழுங்கிவிடுகின்றன. ஊர்தியை ஓட்ட ஆளும் எண்ணெயும் இல்லாமல் அது எப்படி நகரும்? 550 கிலோ குதிரைகள் இரண்டு என்னும் இந்த ஓர் எடுத்துக்காட்டுக்கு விற்பனையாளர் எவராவது நேர்மையாக விடை சொல்லட்டும். சுமைத்திறன் 1,000 கிலோ என்று அவர்கள் சொல்வதிலேயே வெற்று எடையில் எரிபொருளைச் சேர்க்காத தந்திரம் ஒளிந்திருக்கலாம் என்பதை வாங்குவோர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

மொத்த எடையோடு இது முடிவதில்லை. தகட்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. இவற்றில் எதை மீறினாலும் குற்றமே. குதிரைகள் பெரும்பாலும் ஊர்தியின் பின்பாதியில் நிற்பதால் சுமை பின் அச்சின்மேல் இறங்குகிறது. மொத்தம் 3,500-க்குள் இருக்கும்போதுகூடப் பின் அச்சு எல்லை தாண்டியிருக்க முடியும். பின்புறம் தாழ்ந்து, டயர் பிதுங்கி, முன்சக்கரங்களின்மேல் சுமை குறைந்த ஊர்தி வளைவில் எப்படித் திரும்பும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே நிற்பது மரப்பெட்டி அன்று. ஒவ்வொரு பிரேக்குக்கும் நான்கு கால்களையும் அகட்டித் தன்னைத் தாங்கிக்கொள்ளும் உயிர் அது. 550 கிலோவும் அசையும்போது, சுமைக்குப் போதாத சஸ்பென்ஷனும் சேர்ந்து ஆடுகிறது.

நம்பிக்கையின் மறுமுனையில் இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது. 7.5 டன் ஹார்ஸ்பாக்ஸைக் காலியாக ஓட்டினால் கார் உரிமமே போதும், ஏனென்றால் உள்ளே குதிரை இல்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உரிமத்துக்குத் தகடே கணக்கு, சுமை கணக்கன்று. தகட்டில் 7,500 கிலோ என்றிருந்தால், உள்ளே ஒரு பிடி புல்கூட இல்லாவிட்டாலும் 'சி1' வகை உரிமம் வேண்டும். இல்லாமல் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் அது வழிவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு அரசும் பொறுப்பேற்க வேண்டும். 1997 ஜனவரி 1-க்கு முன் கார்த் தேர்வில் வென்றவர்களுக்கு 7,500 கிலோ வரையிலான ஊர்திகளை ஓட்டும் 'சி1' உரிமை, லாரிப் பக்கமே போகாமல், கூடவே கிடைத்துவிட்டது. அதற்குப் பின் வென்றவர்களோ மருத்துவப் பரிசோதனையும் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் கடந்தாக வேண்டும். ஒரே வீட்டில் தாய் ஓட்டலாம், மகள் ஓட்டக் கூடாது என்ற நிலை இப்படித்தான் வந்தது. தாய்க்கும் 70 வயதானால் அந்த உரிமை தானாகத் தொடராது. மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. தாயின் 7.5 டன் ஊர்தியை ஓட்ட முடியாத மகள்தான் 3.5 டன் வேனுக்கு வாடிக்கையாளர் ஆகிறாள், அவளிடம்தான் இரண்டு குதிரை ஏறும் என்ற பொய் விற்கப்படுகிறது.

டிரெய்லர் விஷயத்தில் இன்னும் பெரிய கொடுமை நடந்திருக்கிறது. காருக்குப் பின்னால் கனமான டிரெய்லரை இழுக்க, 1997-க்குப் பின் உரிமம் பெற்றோர் தனி ஓட்டுத் தேர்வில் வெல்ல வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தேர்வாளர்களின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இப்போது காலையில் கார்த் தேர்வில் வென்ற 17 வயதினர், டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்த ஒருமுறையேனும் பழகியிராத நிலையிலேயே, மாலையில் குதிரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறலாம், சட்டம் தடுக்காது. 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டதால் தங்கள் காரும் அவ்வளவு இழுக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். காரின் தகட்டில் நான்கு எண்கள் இருக்கும். அவற்றில் இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்து கனக்கக்கூடிய எல்லை. அந்த எண் இல்லாத கார் இழுப்பதற்கானதே அன்று. போதாக்குறைக்கு, வழக்கமான குதிரை டிரெய்லர்களுக்குக் கட்டாய ஆண்டுச் சோதனையும் கிடையாது. மூத்திரம் ஊறி உளுத்த பலகைத் தரையை ரப்பர் விரிப்பு மூடியிருக்கிறது. அதைத் தூக்கிப் பார்க்கும்படி உரிமையாளரைக் கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லை.

அந்த இரண்டு குதிரைகளுக்கே திரும்ப வேண்டும். 3,900 கிலோவோடு போகும் ஊர்தியைச் சாலையில் நிறுத்தி எடைபோட ஊர்தித் தர முகமையின் அலுவலர்களுக்கு அதிகாரம் உண்டு. பத்து விழுக்காட்டுக்குள் மீறினால் 100 பவுண்டு, பதினைந்துக்குள் 200, அதற்கு மேல் 300 என்று அபராதம் ஏறும். இது பெரிய தொகை இல்லை என்று தோள் குலுக்குபவர்கள், அபராதத்தோடு சேர்ந்து வரும் தடை உத்தரவை மறந்துவிடுகிறார்கள்: சுமையைக் குறைக்கும் வரை ஊர்தி அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. சுமந்து வந்தது மணலாக இருந்தால் ஓரமாகக் கொட்டிவிடலாம். இங்கே செய்ய வேண்டியது, லாரிகள் இரைந்து கடக்கும் சாலையோரத்தில் சாய்வுப் பலகையை இறக்கி, வியர்த்து மிரண்டு நிற்கும் ஒரு குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அதை ஏற்றிப்போக இன்னோர் ஊர்தி வரும்வரை காத்திருப்பதுதான். அதன் பிறகே முதல் ஊர்தி புறப்படலாம், தொடக்கத்திலிருந்தே அது சுமக்கக்கூடியதாக இருந்த அந்த ஒரே குதிரையோடு.