முகூர்த்த நாளும் ஈரக் குமிழும்



ஒரு வைகாசித் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மணமகனின் பாட்டி மயங்கிச் சாய்ந்துவிட்டார். வெளியே வேப்பமர நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஈரத்துணியால் துடைத்து விசிறியபின் கண் விழித்தார். "வயசாயிடுச்சு, கூட்டம் வேற" என்று எல்லோரும் சமாதானம் கூறிக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பாட்டியின் தலைக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டுதானே இருந்தது? பிறகு ஏன் மயக்கம்?

விடை உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஐந்நூறு பேர் கூடினால் 50,000 வாட். அதாவது, ஆயிரம் வாட் மின் அடுப்புகள் ஐம்பதை மண்டபத்துக்குள் ஏற்றிவைத்ததற்குச் சமம்!

இந்த வெப்பத்தை உடல் எப்படி வெளியேற்றுகிறது? காற்று குளிர்ந்திருந்தால் வெப்பம் தோலிலிருந்து தானாகவே காற்றுக்குச் சென்றுவிடும். தோலின் வெப்பநிலை சுமார் 35° செ. காற்றும் அதே அளவு சூடாகிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. 100 வாட் வெப்பம் முழுவதும் இவ்வழியே வெளியேற வேண்டுமானால் ஒருவருக்கு மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஐந்நூறு பேருக்கு 75 கிலோகிராம்!

இப்போது மண்டபத்தை அளப்போம். நீளம் 20 மீட்டர், அகலம் 12, உயரம் 5 என்று கொள்வோம். கொள்ளளவு 1,200 கன மீட்டர். 35° வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 40 கிராம் நீராவியையே தாங்கும். ஆக, மண்டபக் காற்று முழுவதும் தாங்கக்கூடியது 48 கிலோகிராம்தான். கதவு, சன்னல்களை மூடிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் காற்று தெவிட்டிப்போகும். அதன்பின் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. வழிந்து சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. மின்விசிறி காற்றைக் குளிர்விக்கும் கருவியன்று. காற்றை நகர்த்தும் கருவி. ஈரம் நிறைந்த காற்றையே அது சுற்றிச் சுற்றி வீசினால் பாட்டிக்கு என்ன பயன்?

ஆகவே வெப்பமானி காட்டும் அளவு மட்டும் போதாது. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவும் தேவை. உள்நாட்டு ஊர் ஒன்றில் 40° வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது ஈரக் குமிழ் ஏறத்தாழ 24° காட்டும். கடலோர ஊரில் 34° வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது 29° காட்டும். வெப்பநிலை குறைவான இடத்தில்தான் வியர்வை ஆவியாவது கடினம்! தை மாதத்தில் 28° வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு முற்பகலில் ஈரக் குமிழ் 22° அளவில் நிற்கும். காற்றும் தோலைவிடக் குளிர்ந்திருப்பதால் உடலுக்கு இரு வழிகளும் திறந்திருக்கின்றன.

எனவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் திருமணத்துக்கு ஏற்ற பருவம் தையும் மாசியின் முற்பகுதியும்தான். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னை பெருவெள்ளத்தில் தத்தளித்த 2015 டிசம்பர் 1 கார்த்திகையில் வந்த நாளே. சித்திரையிலும் வைகாசியிலும் கத்திரி வெயில். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45° பதிவான 2003 மே 31 வைகாசி நாள்தான். இதைச் சொல்வதற்குப் பஞ்சாங்கத்தோடு சண்டையிட வேண்டியதில்லை. பஞ்சாங்கம் தையிலும் முகூர்த்தம் தருகிறது, வைகாசியிலும் தருகிறது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்பவர்கள் நாம்தாம்.

"குளிரூட்டிய மண்டபம் பிடித்தால் போயிற்று" என்பார்கள். உடல் வெப்பத்தை மட்டும் வெளியேற்றவே 14 டன் திறனுள்ள குளிரூட்டி வேண்டும். வெயிலில் காயும் கூரைக்கும் விளக்குகளுக்கும் தனிக் கணக்கு. அந்த வாடகையைத் தரக்கூடியவர் எத்தனை பேர்? தந்தாலும் மணமேடைதான் குளிரும். பின்கட்டில், தகரக் கொட்டகையின்கீழ், கொதிக்கும் சாம்பார் அண்டாவின் அருகே நள்ளிரவு முதல் நிற்கும் சமையல்காரருக்கு எந்தக் குளிரூட்டியும் இல்லை. நாம் வாழ்த்திவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறோம். அவர் கடைசிப் பந்தி முடியும்வரை நகர முடியாது. மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அப்படியானால் பெரியவர்கள் ஏன் வைகாசியை நாடுகிறார்கள்? காரணம் கேட்டால் வியப்படைவீர்கள். நீங்கள்தாம் காரணம்! "அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு" என்று வீட்டில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இது நியாயமான காரணமே. மார்ச்சில் அரசுத் தேர்வு இருப்பதால் மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் திருமணம் வைக்கும்படி நானும் கூறமாட்டேன். ஆனால் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் கிடைத்தால் உங்கள் படிப்பு கெட்டுவிடாது. "எங்களுக்காக வைகாசி வேண்டாம்" என்று உங்கள் அக்காவின் திருமணப் பேச்சில் நீங்களே சொல்லலாம்.

வைகாசியைத் தவிர்க்க இயலாவிட்டால்? காலை ஆறு மணிக்குள் அமையும் முகூர்த்தத்தைக் கேளுங்கள். ஒன்பது மணிக்குள் காலைச் சிற்றுண்டியோடு விருந்தை முடித்துவிடலாம். நடுப்பகல் சாப்பாடு வேண்டாம். சன்னல்களையெல்லாம் திறந்துவையுங்கள். முதியோரைக் காற்றோட்டமுள்ள வாசற்பக்கம் அமர்த்துங்கள். உப்பிட்ட நீர்மோர் பந்தலுக்கு மட்டுமல்ல, சமையற்கட்டுக்கும் போகட்டும்.

அடுத்த திருமணத்துக்குப் போகும்போது இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு செல்லுங்கள். ஒன்றின் குமிழில் ஈரப் பஞ்சைச் சுற்றுங்கள். மணமேடை, பந்தி, சமையற்கட்டு மூன்றிலும் இரண்டின் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தாத்தாவிடம் காட்டுங்கள். அடுத்த முகூர்த்தம் குறிக்கும்போது பஞ்சாங்கத்தின் பக்கத்தில் உங்கள் குறிப்பேடும் இருக்கட்டும்!