45 பைசா ரயில் இன்ஷூரன்ஸ்: எதற்குப் பணம் கிடைக்கும்? எதற்குக் கிடைக்காது?

ஐஆர்சிடிசி தளத்திலோ ஆப்பிலோ டிக்கெட் புக் பண்ணும்போது, பணம் கட்டுவதற்கு முன் 'டிராவல் இன்ஷூரன்ஸ் வேண்டுமா?' என்று ஒரு கேள்வி வரும். ஒரு ஆளுக்கு 45 பைசாதானே என்று பலரும் 'யெஸ்' கொடுத்துவிடுகிறார்கள். பை திருடு போனாலும், ரயில் ரத்தானாலும் இதில் பணம் வரும் என்று நினைத்தால் அது தவறு. பெயர்தான் பயணக் காப்பீடு. உண்மையில் இது விபத்துக் காப்பீடு.

எவ்வளவு கிடைக்கும்?

* உயிரிழப்பு: ரூ.10 லட்சம்
* நிரந்தர முழு ஊனம்: ரூ.10 லட்சம்
* நிரந்தர பகுதி ஊனம்: ரூ.7.5 லட்சம் வரை
* காயத்துக்கான மருத்துவமனைச் செலவு: ரூ.2 லட்சம் வரை
* உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்ல: ரூ.10,000

எது விபத்து?

ரயில்கள் மோதுவது, தடம் புரள்வது மட்டுமல்ல. ரயிலில் நடக்கும் பயங்கரவாதத் தாக்குதல், கொள்ளை, கலவரம், ஓடும் ரயிலில் இருந்து தவறி விழுவது ஆகியவையும் 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி இதில் அடங்கும்.

எதற்குக் கிடைக்காது?

லக்கேஜ் திருட்டு, ரயில் தாமதம், டிக்கெட் கேன்சல் எதற்கும் இதில் பணம் வராது. பயணத்தில் மாரடைப்பு போன்ற நோயால் இறந்தாலும் கிடையாது. தற்கொலை முயற்சி, குடிபோதையில் செய்யும் செயல்களால் ஏற்படும் பாதிப்புக்கும் கிடையாது.

பொருள் திருடு போனால் 139-ல் சொல்லி, ரயில்வே போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் லேட் ஆகி, நீங்கள் பயணமே செய்யவில்லை என்றால், ரயில் கிளம்பும் முன் டிடிஆர் பதிவு செய்து டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம். அது இன்ஷூரன்ஸ் அல்ல, ரீஃபண்ட்.

யாருக்கு உண்டு?

ஆன்லைனில் எடுத்த கன்ஃபார்ம், ஆர்ஏசி டிக்கெட்டுக்கு மட்டுமே. கவுன்ட்டர் டிக்கெட், வெயிட்டிங் லிஸ்ட், முன்பதிவில்லா டிக்கெட்டுக்குக் கிடையாது.

அப்படியென்றால் அன்ரிசர்வ்டில் போகிறவர்கள் கதி?

2023 ஜூன் 2-ம் தேதி, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோரில் விபத்துக்குள்ளானபோது, அந்த ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் வேலை தேடி வந்த தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். இப்படிப் பயணிப்பவர்களுக்கு இந்த இன்ஷூரன்ஸ் இல்லை. ஆனால் செல்லத்தக்க டிக்கெட் வைத்திருக்கும் எந்தப் பயணிக்கும் ரயில்வே சட்டப்படி இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு ரூ.8 லட்சம். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பணம் வேறு, இது வேறு.

பலர் கவனிக்காத விஷயம்

டிக்கெட் புக் ஆனதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எஸ்எம்எஸ்ஸும் இமெயிலும் வரும். அதில் உள்ள லிங்க்கில் நாமினி பெயரைப் பதிவு செய்ய வேண்டும். விளம்பரம் என்று நினைத்து அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. நாமினி இல்லாவிட்டால் பணம் சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் அது இது என்று குடும்பம் அலைய வேண்டிவரும்.

இன்னொன்று, கிளெய்ம் கேட்க வேண்டியது ஐஆர்சிடிசியிடம் அல்ல, பாலிசி கொடுத்த நிறுவனத்திடம். விபத்து நடந்த 4 மாதங்களுக்குள் கேட்க வேண்டும். இப்படி ஒரு பாலிசி இருப்பதே வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது? அதனால் பயணம் கிளம்பும் முன், பாலிசி எண் உள்ள அந்த எஸ்எம்எஸ்ஸை வீட்டில் ஒருவருக்கு ஃபார்வர்டு செய்துவிடுங்கள்.