கம்பர் பார்த்து எழுதினாரா?

“கம்பர் வால்மீகியைத் தமிழில் மொழிபெயர்த்தார், அவ்வளவுதானே?” தமிழ் இலக்கியம் படிக்கும் நண்பர்கள் சிலரே இப்படிச் சொல்லக் கேட்கிறேன். இதைக் கேட்டுக் கொதிப்பவர்களும் உண்டு. கம்பர் யாரிடமும் எதையும் வாங்கியிருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் இரு தரப்பும் அமைதியாகிவிடும்.

வாங்கியதைக் கம்பர் மறைக்கவே இல்லை. வடமொழியில் இக்கதை செய்த மூவருள் முதல்வரைப் பின்பற்றுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் பின்பற்றும் விதத்தைப் பாருங்கள். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரின் இராவணனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். அவள்மேல் அவன் விரல்கூடப் படவில்லை. வில் முறியும் முன்பே மிதிலையில் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துவிடுவதும் கம்பர் சேர்த்ததுதான். காதலுக்குப் பிறகே மணம் என்ற நம் அகப்பொருள் மரபு வடமொழிக் கதைக்குள் நுழைந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இரணியன் வதைப் படலம். வால்மீகியில் இது இல்லை. தந்தையை எதிர்த்து நின்ற பிரகலாதனின் கதையை, அண்ணனைப் பிரியப்போகும் வீடணன் அந்த அண்ணனுக்கே சொல்கிறான். இராவணனுக்கு அது எச்சரிக்கை. வீடணனுக்கோ தன் முடிவுக்கான நியாயம்! இதை மொழிபெயர்ப்பு என்று எப்படிச் சொல்வது?

ரோமிலும் இதுதான் நடந்தது. கி.மு. 19இல் மறைந்த வர்ஜில் லத்தீனில் எழுதிய ‘ஈனியட்’ 12 பகுதிகள் கொண்டது. அதன் முற்பாதி ஹோமரின் ‘ஒடிசி’ போல அலைந்து திரியும் பயணம். பிற்பாதி ‘இலியட்’ போலப் போர். ஆனால் நாயகன் ஈனியஸ், கிரேக்கரிடம் தோற்ற டிராய் நகரத்தவன். மரக்குதிரைத் தந்திரத்தைத் தோற்றவன் வாயால் கேட்கிறோம். இறந்தோர் உலகில் ஒடிசியஸ் தன் தாயை மூன்று முறை தழுவ முயன்று தோற்கிறான். ஈனியஸ் அதேபோல் தந்தையைத் தழுவ முயல்கிறான், நிழல் நழுவுகிறது. ஆனால் அந்தத் தந்தை அவனுக்கு, இனிப் பிறக்கப்போகும் ரோமானியர்களைக் காட்டுகிறார். ஹோமரின் காட்சி ரோமின் வரலாறாகிவிடுகிறது.

நம் இலக்கணம் இதற்கு ‘வழிநூல்’ என்று பெயரே வைத்திருக்கிறது. முதல் நூலைத் தழுவினாலும் பின்னவன் தான் வேண்டும் மாற்றங்களைச் செய்யலாம் என்கிறது நன்னூல். இன்றைய ஒப்புமை மென்பொருளில் கம்பரைப் போட்டால் எத்தனை விழுக்காடு காட்டுமோ!

மலாய் மொழியின் ‘ஹிக்காயாட் ஸ்ரீ ராமா’ இன்னும் துணிச்சலானது. அதில் இராவணனுக்காக இறைவனிடம் பரிந்து பேசுபவர் நபி ஆதம். அனுமனோ இராமனின் மகன்.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக வந்த பினாங்கு மாணவருக்குக் கம்பரைத் தமிழிலும், ஹிக்காயாட்டை மலாயிலும், ஹோமரையும் வர்ஜிலையும் ஆங்கிலத்திலும் படிக்க முடியும். வினாத்தாள் தயாரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தால் ஆசிரியர் பெயர், காலம், காண்டங்களின் எண்ணிக்கை எதையும் கேட்க மாட்டேன். சீதையைத் தூக்கிச் செல்லும் காட்சியை வால்மீகியிலிருந்தும் கம்பரிலிருந்தும் எடுத்துக் கொடுத்து, “கம்பர் ஏன் மாற்றினார்?” என்று மட்டும் கேட்பேன்.